மெத்தைக்குள் பன்னிரண்டு ராசி

நென்மேனி,
சாத்தூர் வழி.
19.3.2001

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பழைய சாமான் கடை வைத்திருக்கும் செங்கமலம் அக்காவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ரைஸ்மில் சந்து மாடி ரூமில் கோமதிநாயகத்தோடு தங்கியிருந்த மாரிசெல்வம் நான். ஒல்லியாக இருப்பேன். எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள், "பாக்கறதுக்கு டிக்கெட் போட்டா நீ ஒருத்தன் போதும், நான் வூடு கட்டிருவேன்" என்று சொன்னீர்களே, அவன்தான்.

திடீரென்று உடம்பு சரியில்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன். நான் இனி வரமாட்டேன் என்று கோமதிநாயகமே முடிவு செய்து, என் ஸ்டவ், பக்கெட், மெத்தை மூன்றையும் உங்களிடம் விற்றுவிட்டானாம். கார்டு போட்டுச் சொல்கிறான். ஸ்டவ்வும் பக்கெட்டும் போகட்டும். மெத்தை உறையின் தலைமாட்டுப் பக்கம் தையல் பிரிந்திருக்கும். அதற்குள் கையை விட்டால் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் இருக்கும். உள்ளே இருப்பது தீப்பெட்டிப் படங்கள், வேறு ஒன்றும் இல்லை. அதை மட்டும் எடுத்து மேற்கண்ட விலாசத்துக்கு அனுப்பிவைத்தால் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். மெத்தையைத் தயவுசெய்து வெயிலில் போட்டுத் தட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மாரிசெல்வம்


சுங்குவார்சத்திரம்
24.3.2001

தம்பி மாரிசெல்வத்துக்கு,

உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓட்டை ரேடியோவைக் காதில் வைத்து அரை மணி நேரம் குலுக்கிவிட்டு, "நல்லாருக்குக்கா" என்று கீழே வைத்துவிட்டுப் போனவன்.

மெத்தை வந்த மறுநாளே போய்விட்டது. இந்த ஊரில் மெத்தை தங்குமா? கம்பெனிகளில் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள், பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். வருகிறவன் வாங்குவான், காண்ட்ராக்ட் முடிந்தால் என்னிடமே விற்றுவிட்டுப் போவான். என் கடையில் ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது. அது பார்க்காத ரூம் இந்தத் தாலுகாவில் கிடையாது. வாங்கியவன் ஒவ்வொருத்தனும் ஆணியால் அதில் பேரைக் கீறிவைத்திருக்கிறான், இனி கீறுவதற்கு இடம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விற்ற பொருளைத் தேடிக்கொண்டு நான் எவன் வாசலுக்கும் போனதில்லை. அதிலும் மெத்தை! பழைய மெத்தை வாங்க வருகிற எவனும் முதலில் என்ன கேட்பான் தெரியுமா? "இதுல யாராவது செத்தாங்களாக்கா?" நான் சாமி மேல் ஆணையாக இல்லை என்று சொல்லித்தான் விற்கிறேன். விற்றபின் நானே போய், "அந்த மெத்தையைக் கொஞ்சம் காட்டு" என்றால் அவன் என்ன நினைப்பான்? அன்றைக்கே என் கடையை மூடிவிட்டு நான் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போகலாம்.

போயும் போயும் தீப்பெட்டிப் படம். எனக்குத் தெரிந்து ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் உண்டு, பழைய காசு சேர்க்கிறவர்கள் உண்டு. அதைக்கூட ஆல்பத்தில் வைப்பார்கள். மெத்தைக்குள் வைக்கிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அது சரி, உடம்புக்கு என்ன என்று எழுதவில்லையே? மறைக்கிறாயா?

செங்கமலம்


நென்மேனி
28.3.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. மறைத்தது தப்புதான். எனக்கு அம்மை. மேலெல்லாம் முத்து. வேப்பிலையில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அம்மா தபாலில் சேர்ப்பாள். வெளியே இறங்கக் கூடாது என்பதால் எஸ்.டி.டி. பூத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

ஆனால் அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், முதல் முத்து தெரிந்த அன்றே கீழே வெறும் தரையில் துண்டு விரித்துப் படுத்துவிட்டேன். அந்த மெத்தையில் அம்மையோடு ஒரு நிமிஷம்கூட நான் படுக்கவில்லை.

மெத்தைக்குள் ஏன் வைத்தேன் என்று கேலி செய்கிறீர்கள். பழைய தீப்பெட்டி மெல்லிய மரத்தகட்டில் செய்தது. படத்தை அதன்மேல் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை இளகும்போது படத்தை நோகாமல் உரித்து எடுக்க வேண்டும். காய்ந்ததும் அது சுருண்டுகொள்ளும். சுருக்கம் போக மேலே ஒரே சீரான பாரம் வேண்டும். புத்தக அடுக்கு வைத்தால் ஓரம் தடம் விழும். ஒரு ஆள் தினமும் புரண்டு படுக்கிற மெத்தையைப் போல் எதுவும் வராது. எங்கள் பக்கத்தில் படம் சேர்க்கிறவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள். தெரிந்தவன் ரூமுக்குப் போனால் மெத்தையைத் தூக்கித்தான் முதலில் பார்ப்போம்.

அந்தப் படங்கள் என்னுடையவை இல்லை, அதுதான் கஷ்டம். சாத்தூரில் வனமாமலை என்று ஒருவர், ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஜில்லாவில் படம் சேர்ப்பதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தீப்பெட்டி செய்யும் கம்பெனியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) முன்பு மேஷம் முதல் மீனம் வரை ராசிக்கு ஒரு படமாகப் போட்டது. பன்னிரண்டும் சேர்ந்து வேறு ஒருவரிடமும் இல்லை. தனுசு மட்டும் கிடைக்கவே கிடைக்காது. அவர் எங்கெங்கோ அலைந்து பன்னிரண்டு பெட்டியையும் பிடித்துவிட்டார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் நான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, உரித்துக் கொடுக்க என்னை நம்பி என் கையில் கொடுத்தார்.

படம் சேர்க்கிற நாங்கள் வெளியூர்க்காரர்களோடு முகம் பார்க்காமலே தபாலில் படம் மாற்றிக்கொள்கிறவர்கள். ஒருவன் அனுப்புவான், மற்றவன் பதிலுக்கு அனுப்புவான், நடுவில் ரசீது கிடையாது, ஜாமீன் கிடையாது. "மாரிசெல்வம் தனுசு ராசியைச் சாப்பிட்டுவிட்டான்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அதன்பிறகு எனக்கு எவனும் ஒரு கிழிந்த படம்கூட அனுப்பமாட்டான். அதுகூடப் போகட்டும். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

தினமும் சாயந்தரம் தெருமுனையில் வந்து நிற்கிறார். அம்மை கண்ட வீடு என்பதால் உள்ளே வருவதில்லை. அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டுவிட்டுப் போகிறார். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியதும் வீட்டுக்குள் வந்துவிடுவார். அதற்குள் எப்படியாவது மனசு வையுங்கள்.

மாரிசெல்வம்


சுங்குவார்சத்திரம்
2.4.2001

தம்பிக்கு,

அம்மா வந்திருக்கும் வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று தெரிந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்து மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். அது அவளுக்கான மரியாதை. உன்மேல் இருக்கும் கோபம் தனி.

உன் ரூம்மேட் கோமதிநாயகத்தை வழிமறித்துக் கேட்டேன். ஏன்டா, அம்மை கண்டவன் மெத்தையை வாயைத் திறக்காமல் என்னிடம் தள்ளிவிட்டாயே, நீயெல்லாம் மனுஷனா என்றேன். "பயமா இருந்துச்சுக்கா, அதான் எல்லாத்தையும் தள்ளிவிட்டேன்" என்கிறான். அவனுக்குப் பயம் என்றால் என் தலையில் கட்ட வேண்டுமா? நீ தரையில் படுத்தேன் என்கிறாய். நம்புகிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாங்கியவனிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். உன் படத்துக்காகப் போகவில்லை, என் வாய்ச்சொல்லுக்காகப் போனேன். இதைக் குறித்துக்கொள்.

வாங்கியவன் பெயர் பரசுராமன். செய்யாறு பக்கத்துப் பையன், கார் சீட் தைக்கிற கம்பெனியில் வேலை. ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் ரூம். நான் போனபோது மெத்தை சுருட்டிக் கட்டி வாசலுக்கு வெளியே கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாக்கா, நீயே வந்துட்ட? அப்ப நெசம்தானா?"

"இன்னாடா நெசம்?"

"அதுல எவனோ எனக்கு வெச்சிருக்கான்க்கா. செய்வினை."

சலசலவென்று சத்தம் வருகிறதே என்று கையை விட்டிருக்கிறான். பொட்டலத்தைப் பிரித்தால் மேலாக வில்லும் அம்புமாகத் தனுசு. அவன் ராசியும் தனுசு. அந்த வாரம்தான் சூபர்வைசர் இவனுக்கு ஓ.டி.யை வெட்டி, வேறு லைனுக்குத் தூக்கி அடித்திருக்கிறான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கை.

அம்மை விஷயத்தைச் சொன்னேன். அதற்கு அவன் அசையவே இல்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா இருந்தா நல்லதுதான்க்கா" என்றான். பொட்டலம் எங்கே என்றால் மட்டும் வாய் திறக்கமாட்டேன் என்கிறான். இடத்தைச் சொன்னால் கழித்தது அவனுக்கே திரும்பி வந்துவிடுமாம். கெஞ்சினேன், திட்டினேன், கதவைச் சாத்திக்கொண்டான்.

உன்னிடம் பொய்யாக நம்பிக்கை சொல்ல எனக்குத் தெரியாது. எரித்திருப்பான் என்றே தோன்றுகிறது.

செங்கமலம்


நென்மேனி
6.4.2001

அக்காவுக்கு,

எரித்திருப்பான் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஒரு மெத்தையை விற்கும் முன் கையை விட்டுப் பார்க்கமாட்டீர்களா? ஸ்டவ் வாங்கினால் திரியை இழுத்துப் பார்க்கிறீர்கள், சைக்கிள் வாங்கினால் ரிம்மைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். மெத்தை என்றால் மட்டும் அப்படியே கைமாற்றி விடுவதா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் சரி.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் தங்கச்சி தங்கமாரிக்கும் போட்டுவிட்டது. அவளுக்கும் இறங்கினால்தான் வீட்டுக்குள் ஆட்கள் வருவார்கள். சின்னப்பிள்ளை எரிச்சலில் அழுகிறாள், எனக்கோ "இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தது" என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வனமாமலை தினமும் வருகிறார். அவர் என்ன கேட்டார் என்று அம்மாவைக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஊறவைக்கும்போதே படங்கள் கரைந்துவிட்டன என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் சொன்னால் கைப்பிசகு என்றாவது நினைப்பார். விற்றுவிட்டான் என்று நினைக்கமாட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாரிசெல்வம்


சுங்குவார்சத்திரம்
11.4.2001

மகாராஜன் மாரிசெல்வத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அம்மா இருக்கிற வீட்டுக் கடிதம் என்பதால் தப்பித்தது. பழைய மெத்தை உறைக்குள் கையை விடச் சொல்கிறாயே, அதில் பிளேடு இருக்கும், ஊசி இருக்கும், பீடித்துண்டு இருக்கும், ஒருமுறை எலிக்குட்டிகள் குடும்பமாகவே இருந்தன. கையை விட நீ வா.

ஆனாலும் நீ கேட்டதில் ஒரு முள் இருந்தது, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பரசுராமனின் ஷிப்ட் பஸ் வருகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். டீக்கடைக்கு இழுத்துப் போனேன். எனக்கு வராத பொறுமையை எல்லாம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"பொட்டலத்துல தனுசு மட்டுமா இருந்துச்சு?"

"இல்லக்கா, நெறைய இருந்துச்சு. பயத்துல நான் சரியா பாக்கல."

"பன்னெண்டு இருந்துச்சுடா. மேஷம், ரிஷபம், சிங்கம், மீனு, எல்லாம். ஒருத்தன் உனக்குச் செய்வினை வெக்கணும்னா உன் ராசியை மட்டும் வெப்பான். பன்னெண்டு ராசிக்கும் வெச்சா உனக்கு, எனக்கு, இந்த டீ மாஸ்டருக்கு, உன் சூபர்வைசருக்கு, நாட்ல கீற அத்தினி பேருக்கும்ல வெச்சிக்கறான்? அவனுக்கு வேற வேலை கெடையாதா?"

விரலை மடக்கி ராசிகளை எண்ணிவிட்டு டீயை ஒரு வாய் குடித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான் பார், டீ மூக்கில் ஏறி இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் நிற்கவில்லை. "தரையில படுத்து முதுகே போச்சேக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கே அவன்மேல் பாவமாக இருந்தது. உன் கடிதத்தை எடுத்து, நீ படம் உரிக்கிற பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். ஒரு பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு எழுந்து, "வாக்கா" என்று சைக்கிளை எடுத்தான்.

எரிக்கவில்லை தம்பி. எரித்தால் புகையில் கிளம்பி வரும் என்று பயந்து, ஏரிக்கரை முனீஸ்வரன் சூலத்தடியில் கல்லைத் தூக்கி, அதற்கடியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறான். மழை பெய்யாதது உன் அதிர்ஷ்டம்.

அவன் கிட்டே வரமாட்டேன் என்று கரைமேலேயே நின்றுவிட்டான். எனக்கும் கை வரவில்லை. சாமி காலடியில் வைத்ததைச் சும்மா எடுத்துக்கொண்டு வர முடியுமா? யோசித்தேன். மாற்றுக்கு மாற்று, எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். கடைக்குத் திரும்பிப் போய், ரொம்ப நாளாக விலை போகாமல் தொங்கிய வெண்கல மணியை எடுத்து வந்தேன். சூலத்தில் கட்டிவிட்டு, "முனீஸ்வரா, இது விலாசம் மாறி உன்கிட்ட வந்த சரக்கு. அதுக்குப் பதிலா இத வெச்சிக்க, ஓசை நல்லா கீது" என்று சொல்லி ஒருதடவை அடித்தும் காட்டினேன். அப்புறம்தான் கல்லைத் தூக்கினேன்.

பன்னிரண்டும் இருக்கிறது. நானே எண்ணினேன், பரசுராமனும் எண்ணினான். ஒரு சுருக்கம் இல்லை. ரிஷபத்தின் ஓரத்தில் மட்டும் குங்குமம் பட்டுச் சிவப்பாக இருக்கிறது. துடைத்தால் கிழிந்துவிடும் என்று தொடவில்லை. நடுவில் அட்டை வைத்து ரிஜிஸ்டர் தபாலில் இன்றே அனுப்புகிறேன்.

உன் கேள்விக்குப் பதில். அவரிடம் கரைந்துவிட்டது என்று பொய் சொல்லாதே. பொட்டலம் வந்தாலும் சரி, வழியில் தொலைந்தாலும் சரி, நடந்ததைச் சொல். படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஆனால் கைமாறுகிற பொருளைப் பற்றித் தெரியும். ஓட்டையைச் சொல்லி விற்றால் வாங்கியவன் மறுபடி வருவான்.

பரசுராமன் மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டான். தங்கமாரிக்கு இளநீர் கொடுங்கள்.

உன் அக்கா,
செங்கமலம்


நென்மேனி
17.4.2001

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்துவிட்டது. பன்னிரண்டும் வந்துவிட்டன. தபால்காரர் வாசலுக்கு வெளியே நின்று, கையெழுத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டபோது நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரித்துப் பார்த்ததும் அழுதுவிட்டேன். போன கடிதத்தில் நான் கொட்டியதை எல்லாம் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்களைத் தவிர வேறு யாரும் முனீஸ்வரனிடம் வியாபாரம் பேசி எனக்காக ஒரு பொருளை வாங்கி வந்திருக்கமாட்டார்கள்.

தங்கமாரிக்கும் அம்மா குளிர்ந்து இறங்கிவிட்டாள். நேற்று இரண்டு பேருக்கும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். சாயந்தரமே வனமாமலை வந்துவிட்டார், இந்தத் தடவை வீட்டுக்குள்.

வந்தவர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைத் தூக்கிப் பார்த்து, "தழும்பு பெருசா இல்லடே, தப்பிச்சிட்ட" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று மெத்தை, கோமதிநாயகம், செய்வினை, முனீஸ்வரன், மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கரைந்துவிட்டதாகப் பொய் சொல்ல நினைத்ததையும் சொல்லிவிட்டேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

குங்குமம் பட்ட ரிஷபத்தை எடுத்து நீட்டினேன். ஓரம் மடங்கினால்கூட முகம் சுளிக்கிறவர் அவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். "ரிஷபம் எவன்கிட்டயாவது இருக்கும். முனீஸ்வரன் பார்த்த ரிஷபம் எவன்கிட்ட இருக்கு?" என்றார். மற்றதைப் பிரிக்கவே இல்லை, அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எண்ணிப் பாருங்க" என்றேன்.

"எண்ணுறதுக்கா உங்கிட்டக் குடுத்தேன்?" என்றார்.

பிறகு கையில் இருந்த மஞ்சள் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். பழைய தீப்பெட்டிகள், அக்கா. முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் மரப்பெட்டி, அதிலுள்ள படங்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. "எட்டயபுரத்துல ஒரு கடையை ஒழிச்சாங்க, அள்ளிட்டு வந்தேன். பையப் பைய ஊறப்போட்டு எடு, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெருவைத் தாண்டியதும்தான் அம்மாவிடம் கேட்டேன், தினமும் அவர் தெருமுனையில் வந்து என்னதான் கேட்டார் என்று. அம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

"ஒன்னைய இன்னைக்காவது பாக்கலாமான்னு கேப்பாரு. இன்னும் தண்ணி ஊத்தலையேன்னு சொல்லுவேன். சரின்னு அந்தப் பையைத் திரும்பத் தூக்கிட்டுப் போவாரு. தெனமும் கொண்டாந்தாரு பாவம்."

மாரிசெல்வம்